மேல்பல்

சந்தேகம் வந்துவிட்டால் பூவாத்தாளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் கண்ணுக்கு வெளிச்சத்திலும் பேய்தான்.

வெண்ணந்தூரில் வீரபாகு வீட்டுக் கிடாவிருந்தில் கை நனைத்துவிட்டு வந்த அன்றே, அவள் புருஷன் தங்கமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, பீடி இல்லை. அப்புறம் என்ன, கறியில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள். யாரோ என்ன, வீரபாகுதான். இருவருக்கும் கூட்டாக ஒரு லாரி; ஓட்டுவது தங்கமுத்து. ஒருவர் போனால் வண்டி மற்றவருக்கு. நாமக்கல் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தவனும் அவனே என்பது அவளுக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது. வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றி, அவனை உள்ளே வரக்கூடாதென்று நிறுத்திவிட்டாள்.

"டிஸ்சார்ஜ் பண்ணுங்க. மேச்சேரிப் பக்கம் மருந்தெடுக்கறவர் இருக்காருங்க. பச்சிலை குடுத்து வாந்தியெடுக்க வெச்சா எல்லாம் வெளிய வந்துரும்."

"இப்ப வாந்தி எடுத்தா இவரு இதயம் தாங்காதுங்க," என்ற டாக்டர் அறிவுச்செல்வி, தங்கமுத்துவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். மேல் கடைவாய்ப்பல் சொத்தை. ஈறெல்லாம் சீழ்.

நெஞ்சுவலிக்கு வந்தால் பல்லைப் பார்க்கிறாளே, பல் டாக்டரிடம் கமிஷன் போல என்று நினைத்தாள் பூவாத்தாள்.

"ஈறுல இருக்கற கிருமி ரத்தத்துல கலந்து, குழாய்ல படிஞ்ச கொழுப்பைப் புண்ணாக்கி, அடைப்பு உண்டாக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இவருக்கு அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு சீழோட ஏன் விட்டீங்க? யாரும் பல்லைக் காட்டச் சொல்லலையா?"

பொங்கலுக்கு முன்பே வீரபாகு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தங்கமுத்துவை வண்டியில் ஏற்றியிருந்தான். "மேப்பல்லப் புடுங்குனா கண்ணு அவிஞ்சுரும். டிரைவரைக் குருடாக்கிப்போட்டு வண்டியச் சுருட்டலாம்னு பாக்கறயா?" என்று தெருவே கூடும்படி அவனை விரட்டியது பூவாத்தாள்தான். அப்புறம் பல் குடைந்தபோதெல்லாம் கிராம்பை வைத்து அமுக்கிவிட்டாள்.

"இல்லீங்க... ஒருத்தரும் சொல்லலீங்க," என்றாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தங்கமுத்து அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மத்தியானம் கஞ்சியை ஆற்றி அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீரபாகு வெளியிலதான் இருக்கறானா?"

"இருக்கறானுங்க."

"அவனைக் கூப்புடு. அவன் கையில குடிச்சுக்கறேன்."