மூத்ததை முதலில் போடுங்கள்

1

இந்தக் கதை கணினி நெட்வொர்க் பாடவரி ஒன்றில் தொடங்கியது: அடுக்கிய ஸ்விட்ச்களில் முதலில் மின்சாரம் பெறுவதே தலைமை. படித்ததும் அண்ணன் தம்பிகளைப் பற்றி ஏதோ எழுத நினைத்தேன். கேமரா என் திட்டத்தில் இல்லை.

2

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஜன்னல் வழியே மாலை வெயில்— (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

நெட்வொர்க் வேலைக்காக வெளியிலிருந்து வந்த ரைசா நான்கு ஸ்விட்ச்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கம்பெனியின் கணினி, கேமரா வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டிகள். மூன்று புதியவை, ஒன்று ஆரம்பத்திலிருந்தே ஓடுவது. கேபிளால் கோத்துவிட்டால் நான்கும் ஒரே பெட்டி. ஒரே லேப்டாப்பிலிருந்து எல்லாவற்றையும் ஆளலாம்.

புதியதை முதலில் போட வேண்டும் என்றாள். முதலாளியம்மா சாரதாமணி கேட்கவில்லை. அங்கே ஆயுத பூஜைக்கும் முதலில் வாங்கிய தையல் மிஷினைத்தான் முதலில் ஓட்டுவார்கள்.

"மூத்தது இருக்கறப்ப இளசுக்கு முன்னாடி பொட்டு வெக்கலாமுங்களா, கண்ணு?"

குங்குமம் வைத்து, பழைய பெட்டிக்கு அவரே மின்சாரம் கொடுத்தார்.

3

[அடிக்குறிப்பில் போக வேண்டியது: புதியது தலைமையாகியிருந்தால், ரைசா எழுதிவைத்த விதிப்படி கணக்கில் வராத இணைப்புகள் தானாக அடைபட்டிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பழையது தலைமையானதால், அதன் விதிகளும் அதிலிருந்த பெயர்களுமே நான்குக்கும்.]

திரையில் கேமராக்கள் வரிசையாக வந்தன. கட்டிங். செக்கிங். கேட். கடைசியில் ஒன்று: 'லேடீஸ்'. அவளிடம் கொடுத்த வரைபடத்தில் அது இல்லை. திறந்தாள்.

பெண்கள் உடை மாற்றும் அறை. கொக்கிகளில் சேலைகள். கடைசிக் கொக்கியில் ரைசாவின் பர்தா.

(இங்கே 'அதிர்ந்தாள்' என்று எழுதி அடித்தேன். அவள் கை மவுஸின்மேல் அப்படியே கிடந்தது.)

காலையில் அந்தக் கொக்கியைக் காட்டியவள் டெய்லர் நதியா. "இங்க ஆம்பளக் காத்துகூட அடிக்காதுக்கா" என்று சிரித்திருந்தாள்.

4

கூடச் சேர்ந்து அதிர்வார் என்று நம்பித்தான் முதலாளியைப் பெண்ணாக எழுதினேன்.

"பனியன் பீஸ் திருட்டுப் போச்சுன்னு வெச்சதுங்க கண்ணு. நான் மட்டுந்தான் பாப்பேன். அந்தப் பேரை மட்டும் மாத்தி உட்ருங்க."

"நானும் அங்கதாங்கம்மா பர்தா கழட்டுனேன்."

"அதனாலென்ன? நானும் பொம்பளைதானுங்களே."

அவர் ரைசாவுக்கு டீ சொல்லப் போனார்.

5

முடிவு ஒன்று: ரைசா அந்த இணைப்பை மூடுகிறாள். நாளை வேறொருவர் வந்து திறப்பார். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பார்கள்.

முடிவு இரண்டு: தையல் ஹாலுக்கு ஓடிப் பெண்களை அழைத்துவந்து காட்டுகிறாள். பார்த்தால் நம்புவார்கள். ஆனால் காட்ட வேண்டுமானால் அது திறந்திருக்க வேண்டும், அதற்குள் யாராவது—

படத்தில் கதவு திறந்தது. நதியா. ஷிப்ட் முடிந்துவிட்டது. அவள் கை தோளில் சேலைப் பின்னைத் தேடுகிறது.

இங்கே நிறுத்திவிட்டேன். நான் எழுதாதவரை அந்தப் பின் கழலாது. மீதியை நீங்கள் எழுதுங்கள்.

எழுதும்போது திரையைப் பார்க்காதீர்கள்.