லேபிள் இல்லாத டப்பா

ஆய்வு அதிகாரி வர இரண்டு மணி நேரம் இருந்தது. தாயில்பட்டிப் பக்கம் எங்கள் பட்டாசு ஆலையில் பரிசோதனை அறை என் பொறுப்பு.

"மேசையில ஒரு துரும்பு கிடக்கக் கூடாது," என்றார் போர்மேன் அய்யாதுரை. "முதலாளி தந்த டப்பாவுல லேபிளைக் கிழிச்சிரும்மா. எழுத்து இருந்தாத்தானே கேள்வி வரும்?"

அந்த டப்பாவை முதலாளி காளீஸ்வரன் முந்தைய நாள் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்தார். விலை குறைவு, சோதித்துப் பார் என்றார். உள்ளே இருந்தது குளோரேட், வெடியுப்பு போலவே வெள்ளைத் தூள். பட்டாசு ஆலைக்குள் வரவே கூடாத சரக்கு. கந்தகத்தோடு சேர்ந்தால் லேசாக உரசினாலே வெடிக்கும். சரி என்று வாங்கி வைத்திருந்தேன்.

லேபிளைக் கிழித்தேன். இழுப்பறைக்குள் டப்பா நுழையவில்லை. அலமாரியின் மேல் தட்டில் கலவைக்கு எடுக்கும் வெடியுப்பு டப்பாக்கள் மூன்று இருந்தன. நாலாவதாக இதை வைத்துவிட்டு மேசையைத் துடைத்தேன்.

கலவை அறை சங்கிலிமுத்து அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இலை போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கே தாயி. கறிக்குழம்பு உண்டா?"

சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

ஒன்பது மணிக்கு முதலாளியோடு அதிகாரி வந்தார். மேசை மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இந்த வட்டாரத்துல இப்படி ஒரு மேசையை நான் பார்த்ததில்ல."

நான் அலமாரியைப் பார்த்தேன். மூன்று டப்பாக்கள். மூன்றிலும் லேபிள் இருந்தது.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் அக்காவிடம் நாலாவது டப்பா எங்கே என்று குனிந்து கேட்டேன்.

"சங்கிலிமுத்துதான் உப்பு பத்தலன்னு எடுத்துட்டுப் போனாரு. கந்தகமும் இப்பத்தான் கலவை ரூமுக்குப் போச்சு."

சங்கிலிமுத்து அண்ணன் லேபிள் படிப்பதில்லை. மேல் தட்டில் இருந்தால் உப்பு. பதினைந்து வருடமாக அப்படித்தான்.

வாசலில் அபாய மணி தொங்கியது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். எதிரே கலவை அறை வாசலில் சங்கிலிமுத்து அண்ணன் நின்றார். முழங்கை வரை வெள்ளைத் தூள்.

"எதுக்கும்மா அடிச்ச?" என்றார் அதிகாரி.

முதலாளி என்னையே பார்த்தார். "பயந்த புள்ள சார். தெரியாம இழுத்திருக்கும். அய்யாதுரை, எல்லாரையும் உள்ள போகச் சொல்லு."

"வெளாட்டுக் காட்டுதீகளா தாயி?" சிரித்துக்கொண்டே சங்கிலிமுத்து அண்ணன் திரும்பினார். ஒரு கால் படியில் இருந்தது.

கல்லூரியில் என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியதில்லை.

"அண்ணே, உள்ள போகாதீக! நீங்க எடுத்தது உப்பு இல்ல. குளோரேட்டு. லேபிளைக் கிழிச்சு அங்கன வச்சது நான்தான்."