இலைக்குப் பின்னால் விட்ட குலைகள்

லெய்டாவு கத்தரியைத் திறந்தாள், மூடினாள், திராட்சைக் குலை விழவில்லை. ஒரு தளிருக்கு ஒரு குலை போதும், மீதியை வெட்டித் தரையில் போடு என்பதுதான் உத்தரவு. போன குளிர்காலத்தில் கவாத்து செய்தவர்கள் கொடிக்கு ஒரு கிளை கூடுதலாக விட்டுவிட்டார்கள். இப்போது நியூசிலாந்தில் மார்ல்பரோவின் இந்தச் சரிவு முழுக்கக் காய்த்துத் தொங்குகிறது. இத்தனையும் பழுத்தால் சாறு நீர்த்துப்போகும், நல்ல ஒயின் ஆகாது. அவளுக்கு எல்லாம் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவில் தோட்டம் போட்டு வளர்ந்தவள், சாப்பிடுகிற பொருளை மண்ணில் எறிந்து பழக்கமில்லை. கொடிக்கு இரண்டு குலையை இலைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நகர்ந்தாள்.

மேஸ்திரி கிராண்ட் இலையை விலக்கிப் பார்த்துவிட்டான்.

"என்ன இது? வரிசை முழுக்க மறுபடி செய். கூலி ஒரு தடவைக்குத்தான். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தேன், அடுத்த பருவத்துக்கு உன்னைக் கூப்பிட மாட்டோம்."

ஊரில் புயல் கொண்டுபோன வீட்டுக் கூரையைத் திரும்பப் போட அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு வழி கிடையாது. வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பினாள்.

பக்கத்து வரிசையிலிருந்து மெர்லின் எட்டிப் பார்த்தாள். அதே தீவுக்காரி, பல வருடமாக வருகிறவள், வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, ஒவ்வொரு குலையையும் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டா இருக்கே?"

"மனசு வரலக்கா. சாப்பிடுற பொருளு."

"ஊர்த் தலைவருக்குன்னு பெருவள்ளிக் கிழங்கு போடுறியே, அதுல எத்தனை முளை விடுவே?"

"ஒண்ணுதான்."

"மத்ததை?"

"கிள்ளிடுவேன். அப்பத்தானே கிழங்கு பெருக்கும்."

"அப்ப அழுதியா?"

லெய்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு கத்தரி நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மெர்லின் அவள் வரிசையின் மறுமுனையில் வந்து நின்று குலைகளை வெட்டத் தொடங்கினாள். "உட்கார்ந்தா முதுகு பிடிச்சுக்குது" என்றாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் கிராண்ட் ஒவ்வொரு கொடியாகத் தூக்கிப் பார்த்தான். எல்லாக் குலையிலும் வெயிலும் காற்றும் பட்டன.

"இதுதான் வேலை. ஜூன்ல குளிர்காலக் கவாத்துக்கு வந்துடு. உன் பேரைச் சேர்த்துட்டேன்."

லெய்டாவுக்குக் கண் கலங்கியது. கூரை வந்துவிட்டது என்றே தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் குனிந்து, வெட்டிப்போட்ட காய்க்குலைகள் நாலைந்தைத் தொப்பியில் அள்ளினாள். ராத்திரி மீனுக்குப் புளிப்பாகும். கடையில் எலுமிச்சை விலை தாங்காது.

"அதைக் கீழே போடு" என்றான் கிராண்ட். "தோட்டத்துச் சொத்து."

அவள் தொப்பியைக் கவிழ்த்தாள்.

"விடுடி, கூரை கிடைச்சாச்சு" என்று மெர்லின் அவள் தோளில் கைபோட்டாள். இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். டிராக்டர் அந்தக் குலைகளின் மேல் ஏறிப் போயிற்று.