மூன்றாவது அலசல்

கரும்புச் சக்கையை மூன்று முறை அலச வேண்டும் என்று தங்கை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தண்ணீர் குறைவாக வந்த அன்று அண்ணன் இரண்டோடு நிறுத்திவிட்டான். அவளிடம் சொல்லவும் இல்லை.

சாப்பாட்டுக்கடைக்காரர் பத்து மணிக்கு வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் சக்கையை அரைத்துப் பெட்டி செய்யும் இவர்களுடைய பட்டறை நிலைக்கும். ஒன்பதரைக்கு அவள் அலமாரியைத் திறந்தபோது, காட்டுவதற்கென்று அச்சில் அழுத்தி எடுத்து வைத்திருந்த இருபது பெட்டிகளிலும் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

“எத்தனை தடவண்ணே அலசின?”

அவன் தலையைச் சொறிந்தான். “ரெண்டு. பார்க்க சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“எறும்புக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே.”

“மருந்து அடிச்சிடட்டுமா?”

“சோறு வைக்கிற பெட்டிண்ணே.”

இனிமேல் அலசினால் பெட்டி கூழாகிவிடும். இருவரும் தட்டினார்கள், ஊதினார்கள், வெயிலில் காட்டினார்கள். போன எறும்புகள் சுற்றத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பின.

வாசலில் வண்டி வந்து நின்றது.

இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். இரண்டு எறும்புகள் மணிக்கட்டில் ஏறிக் கடித்தன. உதறினால் அவர் பார்த்துவிடுவார். கையை அசைக்காமல் பெட்டியை நீட்டினாள்.