இரண்டாவது டிக்

லிப்ட் மெக்கானிக்குகளுக்கான ஆன்லைன் தேர்வுக்குக் கேள்வி போடுகிற வேலை அக்காவுக்கு. அதே தேர்வில் தேறினால்தான் தம்பிக்கு உரிமம். உரிமம் இல்லையென்றால் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு வேறு.

அவள் போட்ட ஒரு கேள்வி: ஆட்களோடு லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்? மின்சாரத்தை நிறுத்துவேன் என்பது ஒரு விடை. உள்ளே இருப்பவர்களிடம் பேசுவேன் என்பது இன்னொன்று. இரண்டுமே சரி. சரியான விடை என்று இரண்டுக்கும் டிக் போட்டுவைத்தால், எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் மார்க் கொடுத்துவிடும்.

அக்காவின் மவுஸ் இரண்டாவது கட்டம்வரை போய்த் திரும்பி வந்தது. தம்பி எந்த லிப்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் தட்டி, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பான். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டுவார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி அக்கா மாட்டிக்கொண்டபோதும் அதே பாட்டுத்தான். அவன் எதை எழுதுவான் என்று தெரிந்துகொண்டே அதற்கு டிக் போட்டால், சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டியதாகிவிடாதா? நேர்மை தலைக்கேறியவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒற்றை டிக்கோடு விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு மார்க்கில் தம்பி தோற்றான்.

மேலதிகாரியிடம் ஓடினாள். "சார், அந்தக் கேள்விக்கு ரெண்டு பதிலும் சரி. நான்தான் ஒண்ணை விட்டுட்டேன். திருத்திட்டு எல்லாருக்கும் மறுபடி மார்க் போட்டுடலாம் சார்."

"உன் தம்பியும் ஃபெயிலாமே? இப்ப மாத்தினா ஊர் சிரிக்கும்மா. அடுத்த தேர்வுல சேர்த்துடு."

அன்றே போட்டிருந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. இன்று போட்டால் திருட்டுத்தனம். அடுத்த தேர்வுக்கு இரண்டாவது டிக்கைப் போட்டாள். யாரோ பிழைத்துப் போகட்டும்.

சாயங்காலம் தம்பி கருவிப் பையைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது.

"ஏன்க்கா அழற? மிஷின் போட்ட மார்க்குக்கு நீ என்ன பண்ணுவ?"

அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம்.

"பயப்படாதக்கா, நான் வந்துட்டேன்."

அவள் திறக்கவில்லை.