தட்டினால் இறங்கும் முள்

மச்சானிடமிருந்து கைமாறி வந்த அந்தப் பழைய காருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இண்டிகேட்டர் போட்டால் போதும், பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் ஜோடி போட்டுக்கொண்டு மேலே எகிறும். டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நல்ல பிள்ளைகளாக இறங்கிவிடும். "தட்டுங்க மாப்ள, அவ்வளவுதான் வைத்தியம்" என்று சாவியைக் கொடுக்கும்போதே மச்சான் சொல்லிவிட்டார்.

வாங்கிய நாளிலிருந்து தட்டிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு இப்போது அது பொறுக்கவில்லை. மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். நடுவழியில் வண்டி காலை வாரிவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையில் கண்ணாடி முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர்களோடு காருக்குள் உட்கார்ந்துவிட்டான். மீட்டருக்கான ஃபியூஸ் லேசாகக் கறுத்திருந்தது. பக்கத்தில் அதே நிறத்தில் இருந்த ஒன்றைப் பிடுங்கி அந்த இடத்தில் போட்டுப் பார்த்தான். முட்கள் அப்போதும் எகிறின. சரி, கோளாறு இங்கே இல்லை. பழையதையே திரும்பச் செருகினான். பிடுங்கியதைத் தொலைத்துவிடக் கூடாதே என்று பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இந்தப் பத்திரம்தான் பின்னால் உயிரை வாங்கியது.

மீட்டர் பெட்டியை வெளியே இழுத்ததும் குற்றவாளி அகப்பட்டது. எர்த் ஒயரின் திருகு துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கி முடுக்கினான். இண்டிகேட்டர் போட்டான். இரண்டு முட்களும் அசையவே இல்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நல்லா இருக்கு" என்றாள். அவள் நர்ஸ், எதற்கும் பதறமாட்டாள். "கை கழுவிட்டு வாங்க. வலி ஆரம்பிச்சிருச்சு."

அவன் கையும் கழுவவில்லை, சட்டையும் மாற்றவில்லை.

கடைத்தெருவில் வண்டிகள் நகராமல் நின்றன. அப்போதுதான் பார்த்தான், சூடு காட்டும் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் தட்டினான். இறங்கவில்லை. இன்னொரு தட்டு, இன்னும் ஓங்கி. ஒன்றும் நடக்கவில்லை.

"நான்தான் எதையோ கெடுத்துட்டேன். சும்மா பொய் காட்டுது."

"பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது?"

"அது நின்ன எடத்துலயேதான் நிக்குது."

அவள் பல்லைக் கடித்து ஒரு வலியைக் கடத்திவிட்டுச் சொன்னாள்: "பொய் சொல்லணும்னா ரெண்டும் சேர்ந்துதானே சொல்லும்? இது தனியா ஏறுதுன்னா வண்டிக்கு நெஜமாவே காய்ச்சல். ஓரமா நிறுத்துங்க."

"நிறுத்திட்டா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?"

"எரிஞ்சுபோன வண்டியில மட்டும் போயிடலாமா?"

நிறுத்தினான். பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. இவ்வளவு சூட்டுக்கு உர்ரென்று சுற்றியிருக்க வேண்டிய ஃபேன் சிவனே என்று நின்றது. மச்சானைக் கூப்பிடலாம் என்று சட்டைப் பையில் கையை விட்டான். போனுக்கு முன்னால் வேறொன்று விரலில் தட்டுப்பட்டது. காலையில் பிடுங்கிய ஃபியூஸ்.

ஓடிப்போய் காலியாக இருந்த இடத்தில் அதைச் செருகி, சாவியைப் பாதி திருப்பினான். ஃபேன் பெரும் இரைச்சலோடு சுற்றத் தொடங்கியது. முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம் வண்டிக்கு?" என்றாள்.

ஏதோ ஒயர் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை. "ஃபேன் ஃபியூஸ் என் சட்டைப் பையில இருந்துச்சு."

வண்டி கிளம்பியதும் அவன் கை தன்னையறியாமல் டேஷ்போர்டுக்குப் போனது. அவள் அதைப் பாதியில் பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி வந்தபோது நகம் பதிய இறுக்கினாள். கியர் மாற்றும்போது மட்டும் அவளிடம் கையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். முள் நடுவிலேயே நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபின்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ளைய மொதல்ல உங்க கையிலதான் குடுப்பாங்க" என்றாள். "பத்திரமா இருக்கட்டும்னு சட்டைப் பையில போட்டுக்காதீங்க."

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். அழுகைதான் வந்தது.