நிறுத்தாமல் ஊதியவன்

அக்கா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

எங்கள் மர மில்லில் என் ஷிஃப்ட்டுக்குத் தலைவி ஆர்லீன். தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் ஊர் விருந்துக்குக் கரடிக்கறி தன் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வேட்டைக்காலமோ ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வழக்கமாக அவர் கணவர் ராய்ஸ் குழல் ஊதிக் கரடியை வரவழைப்பார், ஆர்லீன் சுடுவார். இந்த முறை ராய்ஸுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிக் கன்னம் வீங்கிவிட்டது.

"தம்பி, நீ வந்து ஊது," என்றார் ஆர்லீன். "மான்குட்டி கத்துற மாதிரி சத்தம் வரும், அதைத் தின்னலாம்னு கரடி தேடி வரும். நடுவுல மட்டும் நிறுத்தாத. சத்தம் நின்னா, எதுக்கு வந்தோம்னே மறந்துட்டுக் கரடி உக்காந்துடும்."

"நிறுத்தினா இவ உன்னையே சுட்டுடுவா," என்றார் ராய்ஸ், வீங்கிய வாயோடு.

மரம் வெட்டிய சரிவில், காற்று முகத்தில் படும்படி ஒரு வேர்க்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். உதடு மரத்துப்போகும்வரை ஊதினேன். கீழே புதர் அசைந்தது. கறுப்பாக ஒரு கரடி வெளியே வந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சத்தமும் நின்றது. கரடி நிஜமாகவே உட்கார்ந்து, மாடு மாதிரி மஞ்சள் பூக்களை மேய ஆரம்பித்தது.

"ஊதுடா," என்று கிசுகிசுத்தார் ஆர்லீன்.

ஊதினேன். கரடி எழுந்து நேராக எங்களைப் பார்த்து வந்தது. ஆர்லீன் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அப்போதுதான் அதன் பின்னால் புல்லுக்கு மேலே இரண்டு சின்னக் காதுகள் தெரிந்தன.

துப்பாக்கி இறங்கியது. குட்டியோடு இருக்கிற தாயை இங்கே சுடக் கூடாது.

"போதும், நிறுத்து."

பயத்தில் என் வாய் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது. கரடி ஓட ஆரம்பித்தது. ஆர்லீன் குழலை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்றார். கரடியும் சட்டென்று நின்றது.

"மன்னிச்சுக்கம்மா," என்றார், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல. "இங்க மான்குட்டி எதுவும் இல்ல. இவன்தான் கத்தினான். புள்ளைய கூட்டிட்டுப் போ."

அது மூக்கால் ஒரு தரம் புஸ்ஸென்று ஊதிவிட்டு, குட்டியோடு புதருக்குள் போய்விட்டது. ஆர்லீன் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய பீன்ஸ் வேகவைத்துக் கொண்டுவந்தார். ராய்ஸின் தம்பி வெண்டெல் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன அண்ணி, இந்த வருஷம் கரடி சைவமா?"

ஆர்லீன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், என் வாய் நிற்காத கதை உட்பட. கூடமே சிரித்தது. வெண்டெல் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, செப்டம்பர்ல மறுபடி வேட்டை தொடங்கும்போது எனக்கு வந்து ஊதுறியா?"

"அவன் எங்க ஆளு. நீ வேற ஆளப் பாரு," என்றார் ஆர்லீன்.

வெண்டெல் பீன்ஸை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.